உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மணமான மகளுக்குத் தகாதா?

இந்த வாரம் ஒரு சகோதரியின் நீண்ட கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். அவருக்கு 46 வயது; அரசுப் பள்ளி ஆசிரியை; திருமணமாகிப் பக்கத்து மாவட்டத்தில் வசிக்கிறார். அடையாளம் தெரியாதபடி ஊரையும் பெயர்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய தந்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 7 மாதங்களுக்கு முன் காலமானார். தாய் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். இவருக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. சென்னைக்கு வெளியே, ஒரு மாவட்டத் தலைநகரில், தந்தை தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு இருக்கிறது. அதன் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். வங்கியில் ஒரு வைப்புத் தொகை இருக்கிறது. வீட்டுப் பழுதுக்காகக் கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடனில் கொஞ்சம் பாக்கி நிற்கிறது. வீட்டை விற்றுப் பணத்தை மூன்று பிள்ளைகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், வைப்புத் தொகை மகளுக்கு என்று தந்தை தம் கைப்பட உயில் எழுதியிருக்கிறார். மூன்று தாள்கள், பதிவு செய்யப்படவில்லை. சாட்சிக் கையெழுத்திட்ட இருவரில் பக்கத்து வீட்டுக்காரர் சென்ற ஆண்டு இறந்துவிட்டார். மற்றவர் தந்தையின் நெருங்கிய நண்பர், 78 வயது, இப்போது சிங்கப்பூரில் மகனோடு இருக்கிறார்.

மூன்றாவது தாளின் கடைசி வரிகளை அந்தச் சகோதரி அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்: "என் காலத்துக்குப் பிறகு என் கடன்களைத் தீர்த்து, வரவேண்டியதை வசூலித்து, மேலே சொன்னபடி அவரவர்க்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பை என் மகளிடமும் என் நண்பரிடமும் ஒப்படைக்கிறேன்."

அண்ணன் இதை ஏற்கவில்லை. "கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுச் சொத்தை நிர்வகிக்க முடியாது. உயிலில் பங்கு வாங்குகிறவரே அதை நிறைவேற்றவும் கூடாது. எக்ஸிகியூட்டர் (உயில் நிறைவேற்றுநர்) என்ற சொல்லே உயிலில் இல்லை. நண்பர் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். அதோடு வெளிநாட்டில் இருப்பவர். கொள்ளி வைத்தவன் நான், வங்கியில் நாமினியும் நான்" என்கிறார். மாடி வாடகையை 7 மாதமாக அவரே வாங்கிக்கொள்கிறார். அப்பாவைக் கடைசி வரை கவனித்துக்கொண்ட பணிப்பெண்ணுக்கு இரண்டு மாதச் சம்பளம் தரப்படவில்லை. மருத்துவமனைச் செலவையும் ஈமச் செலவின் பெரும்பகுதியையும் தங்கைதான் செய்திருக்கிறார். இப்போது அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரத்தைத் தயார் செய்து கையெழுத்துக் கேட்கிறார்.

"எனக்குச் சண்டை வேண்டாம். பொறுப்பை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டுமா? அல்லது வீட்டைச் சந்தை விலைக்கு நானே வாங்கிக்கொள்ளலாமா? கொல்லையில் அப்பா வைத்த மாமரம் இருக்கிறது. அதை யாரோ வெட்டுவதைப் பார்க்க என்னால் முடியாது." கடிதம் இப்படி முடிகிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். வெறும் சமாதானத்துக்காகக்கூட வேண்டாம். உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதற்கான ஆவணம் அது. நிறைவேற்றும் பொறுப்பை மாற்றிக் கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் காட்டி உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதை அண்ணன் தெரிந்து செய்கிறாரா, யாரோ சொல்லிக்கொடுத்துச் செய்கிறாரா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் பேனாவைத் திறக்காதீர்கள்.

அந்தப் பொறுப்புக்கு யார் தகுதியானவர்?

உயில் நிறைவேற்றுநர் என்பவர் யார் என்பதை 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் தன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: இறந்தவர் தம் கடைசி உயிலை நிறைவேற்றும் பணியை யாரை நம்பி, தாமே நியமித்து, ஒப்படைத்தாரோ அவர். சட்டம் முதலில் பார்ப்பது எழுதியவருடைய நம்பிக்கையைத்தான். படிப்பு, பணவசதி, ஆணா பெண்ணா, மணமானவரா, எந்த ஊரில் இருக்கிறார் என்று எதையும் அது நிபந்தனையாக வைக்கவில்லை.

யாருக்கு முடியாது என்பதைச் சொல்வது 223-ஆம் பிரிவு. அந்தப் பட்டியல் மிகச் சிறியது. 18 வயது நிரம்பாதவருக்கும் மனநலம் குன்றியவருக்கும் புரொபேட் வழங்க முடியாது. பல பேர் சேர்ந்த சங்கம், குழு போன்றவற்றுக்கும் முடியாது; மாநில அரசின் விதிகளில் சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றும் கம்பெனி மட்டும் இதற்கு விலக்கு. அவ்வளவுதான். புரொபேட் என்பது, இந்த உயில் உண்மையானது, இவர் அதை நிறைவேற்ற உரிமை பெற்றவர் என்று நீதிமன்றம் உயிலின் நகலில் முத்திரையிட்டுத் தரும் ஆவணம்.

சிறுவர்களின் நிலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவர் தம் 15 வயதுப் பேரனை மட்டும் நிறைவேற்றுநராக எழுதிவிட்டு இறந்தால், அந்த நியமனம் அடியோடு செல்லாமல் போய்விடாது. பேரன் வயதுக்கு வரும் வரை அவனுடைய காப்பாளரிடமோ நீதிமன்றம் தகுதியானவர் என்று கருதும் வேறொருவரிடமோ நிர்வாகம் இருக்கும். 18 நிரம்பியதும் புரொபேட் அவனுக்கே போகும். எழுதியவருடைய நம்பிக்கையைச் சட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றப் பார்க்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒரு சிறுவனுக்கே காத்திருக்கும் சட்டம், 25 ஆண்டுகள் குடும்பம் நடத்திய மகளைத் தள்ளிவைக்குமா?

கட்டிக்கொடுத்த பெண் என்ற வாதத்துக்குச் சட்டத்தில் ஒரு வரிகூட ஆதரவு இல்லை. கொள்ளி வைப்பது மகனுடைய கடமை, அண்ணனுடைய துக்கம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதிலிருந்து சொத்தை நிர்வகிக்கும் உரிமை எதுவும் பிறப்பதில்லை.

"அந்தச் சொல் உயிலில் இல்லையே"

இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நியமனம் வெளிப்படையாகவும் இருக்கலாம், உயிலின் வாசகத்திலிருந்து தவிர்க்க முடியாமல் புலப்படுவதாகவும் இருக்கலாம் என்று 222-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் அப்பா எழுதிய வரியை மறுபடி படியுங்கள். கடனைத் தீர்ப்பது, வரவேண்டியதை வசூலிப்பது, அவரவர்க்குச் சேர்ப்பிப்பது: நிறைவேற்றுநரின் வேலை என்று சட்டப் புத்தகங்கள் பல அத்தியாயங்களில் விரிப்பதை அவர் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டார். வேலை முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பதவியின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டால், நியமனம் இல்லை என்று ஆகிவிடாது. இலக்கணம் கற்பித்த ஆசிரியர், தெளிவாகவே எழுதியிருக்கிறார்.

பதிவு செய்யாததும் குறை ஆகாது. உயிலைப் பதிவு செய்வது எழுதுபவரின் விருப்பம், கட்டாயம் இல்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை. 63-ஆம் பிரிவு கேட்பது எழுதியவரின் கையெழுத்தையும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தையும்தான். அவர் கையெழுத்திட்டதை, அல்லது அது தம் கையெழுத்து என்று அவர் சொன்னதை, சாட்சிகள் நேரில் அறிந்து, அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

பங்கு பெறுகிறவர் நிறைவேற்றலாமா?

தாராளமாக. நம் குடும்பங்களில் எழுதப்படும் உயில்களில் பெரும்பாலும் மனைவியோ, கணவரோ, பிள்ளைகளில் ஒருவரோதான் நிறைவேற்றுநர். அவர்களுக்குப் பங்கும் இருக்கும். சட்டம் இதை அனுமதிப்பதோடு நிற்கவில்லை; இந்த நிலையை எதிர்பார்த்தே ஒரு தனி விதியையும் வைத்திருக்கிறது. அந்த விதியைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒதுங்கிக்கொள்ளும் உங்கள் எண்ணத்தை அது நேராகத் தொடுகிறது.

141-ஆம் பிரிவு அது. நிறைவேற்றுநராகப் பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவருக்கு அதே உயிலில் ஏதாவது எழுதப்பட்டிருந்தால், அவர் உயிலை மெய்ப்பித்தாலோ, அந்தப் பொறுப்பை ஏற்கும் எண்ணத்தை வேறு வகையில் வெளிப்படுத்தினாலோ தவிர, எழுதப்பட்டதை அவர் பெற முடியாது. சண்டை வேண்டாமென்று நீங்கள் பொறுப்பைத் துறந்தால், வைப்புத் தொகையும் வீட்டுப் பணத்தில் உங்கள் பங்கும் உங்களுக்கு வருமா என்பதே வழக்காகிவிடும். "என் தந்தை இதை மகள் என்ற பாசத்தில் கொடுத்தார், வேலைக்குக் கூலியாகக் கொடுக்கவில்லை" என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் பிரிவின் வாசகம் உங்களுக்குச் சாதகமாக இல்லை. இந்த ஒரு பிரிவை அறியாமல் பெருந்தன்மையாக ஒதுங்க நினைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கும்.

உங்களுக்கு ஆறுதலான செய்தியும் அதே பிரிவில் இருக்கிறது. அதற்குக் கீழே சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: நிறைவேற்றுநராக நியமிக்கப்பட்ட ஒருவர், உயிலில் சொன்னபடி ஈமக் காரியத்துக்கு ஏற்பாடு செய்தார்; புரொபேட் வாங்கும் முன்பே சில நாட்களில் அவரும் இறந்துவிட்டார். அந்த ஏற்பாடே பொறுப்பை ஏற்கும் எண்ணத்தைக் காட்டுகிறது என்கிறது சட்டம். நீங்களும் அப்பாவின் ஈமச் செலவைச் செய்திருக்கிறீர்கள். அந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அதோடு நிற்காமல், பொறுப்பை ஏற்கிறேன் என்று சகோதரர்கள் இருவருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

அண்ணனை நிறைவேற்றுநர் ஆக்க முடியுமா?

முடியாது. நீங்கள் மூவரும் ஒருமனதாக விரும்பினாலும் முடியாது. நிறைவேற்றுநரை நியமிக்கும் உரிமை உயில் எழுதியவருடையது. புரொபேட்டும் உயிலால் நியமிக்கப்பட்டவருக்கு மட்டுமே வழங்கப்படும். அந்தப் பொறுப்பைச் சைக்கிள் சாவிபோலக் கைமாற்றிக் கொடுக்க வழியில்லை.

நீங்கள் துறந்தால் என்ன நடக்கும்? நீதிபதி முன்னிலையில் வாய்மொழியாகவோ, கையெழுத்திட்ட எழுத்து மூலமாகவோ துறக்கலாம். ஒருமுறை துறந்துவிட்டால் பிறகு எக்காலத்திலும் புரொபேட் கேட்க முடியாது. நண்பரும் துறந்தால், உயிலின் நகலை இணைத்த நிர்வாக உரிமை ஆவணத்தை நீதிமன்றம் வேறொருவருக்கு வழங்கும். அப்படிப் பெறுபவர் நிர்வாகி, நிறைவேற்றுநர் அல்ல. அவர் நீதிமன்றத்துக்கு ஜாமீனோடு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா நியமித்தவர் என்பதால் உங்களிடம் கேட்கப்படாத உத்தரவாதம் அவரிடம் கேட்கப்படும்.

இன்னொன்று. நீங்கள் ஏற்கெனவே சில காரியங்களில் இறங்கிவிட்டீர்கள். அப்படிச் செயல்படத் தொடங்கியவர் சட்டென்று கையை உதறிவிட்டுப் போவது எளிதல்ல. உண்மையிலேயே முடியாத நிலை பின்னால் வந்தால், விடுவிக்கும்படி 301-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

அதே 301-ஆம் பிரிவுதான் அண்ணனுக்கும் இருக்கும் நியாயமான வழி. நீங்கள் சொத்தைச் சீரழிக்கிறீர்கள், கணக்குக் காட்ட மறுக்கிறீர்கள் என்று அவர் நிரூபித்தால் உயர் நீதிமன்றம் உங்களை நிறுத்திவைக்கலாம், நீக்கலாம். கடனில் மூழ்கியவர், குற்ற வழக்கில் சிக்கியவர் போன்றோரை 223-ஆம் பிரிவு தடுக்கவில்லை. ஆனால் அவர்களால் சொத்துக்கு ஆபத்து என்றால் இந்த வழியில் தடுக்க முடியும். தகுதி வாசலைச் சட்டம் அகலமாகத் திறந்து வைத்திருப்பதற்குக் காரணம், உள்ளே வந்தவரைக் கண்காணிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருப்பதுதான்.

நண்பரை இழந்துவிடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் நண்பரைப் பற்றி நான்கு வரிகளே இருக்கின்றன. எனக்கோ, இந்த விவகாரத்தின் உயிர்நாடியே அவர்தான் என்று தோன்றுகிறது.

சாட்சிக் கையெழுத்திட்டவர் நிறைவேற்றுநராக இருக்கத் தடையில்லை. நிறைவேற்றுநர் என்பதாலேயே ஒருவர் அந்த உயிலை மெய்ப்பிக்கும் சாட்சியாக இருக்கத் தகுதி இழப்பதில்லை என்று 68-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. (கிறிஸ்தவர் எழுதிய உயிலில், சாட்சிக் கையெழுத்திட்டவருக்கு எழுதிவைத்த சொத்து செல்லாமல் போகும் என்று 67-ஆம் பிரிவில் ஒரு விதி உண்டு. அது இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தாது. உங்கள் உயிலில் நண்பருக்கு எதுவும் எழுதப்படவும் இல்லை. அண்ணனுக்கு யாரோ இதைக் கலந்து சொல்லியிருக்கலாம்.)

வெளிநாட்டில் வசிப்பதும் தகுதிக் குறைவல்ல. நீங்கள் இருவரும் சேர்ந்தும் புரொபேட் கேட்கலாம். நீங்கள் இப்போதும் அவர் பின்னாலும் கேட்கலாம். இருவரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்று உயிலில் தடை இல்லாவிட்டால், புரொபேட் பெற்ற ஒருவரே எல்லா அதிகாரங்களையும் செலுத்தலாம். நீங்கள் எடுத்து எழுதிய வரியில் அப்படித் தடை எதுவும் தெரியவில்லை. மற்ற இரண்டு தாள்களையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

என் கவலை வேறு. உயில் நீதிமன்றத்துக்கு வந்தால், சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது உயிரோடும் சாட்சி சொல்லும் நிலையிலும் இருக்கும்போது அவரை அழைத்து விசாரித்தே ஆக வேண்டும். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார். அப்பா பேனாவைப் பிடித்துக் கையெழுத்திட்டதைக் கண்ணால் கண்டவர் இனி இந்த ஒருவர்தான். அவருக்கு 78 வயது. அவரும் இல்லாமல் போனால், சாட்சியின் கையெழுத்து அவருடையதே என்றும் அப்பாவின் கையெழுத்து அப்பாவுடையதே என்றும் பிறரை வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்கும் வழி உண்டு. ஆனால் நேரில் கண்டவர் சொல்வதற்கு அது ஈடாகாது.

அதனால் அவரோடு இன்றே பேசுங்கள். அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள், அப்பாவின் உடல்நிலை எப்படி இருந்தது, எந்த வரிசையில் கையெழுத்திட்டார்கள் என்று அவர் நினைவில் உள்ளதை அவர் கைப்படவே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் மட்டுமே சாட்சியம் ஆகிவிடாது. ஆனால் நினைவு மங்கும் வயதில் அது அவருக்கே துணையாக இருக்கும். வழக்குத் தொடங்கியதும், அவர் பயணம் செய்ய முடியாதவர் என்று காட்டி, காணொலி மூலமாகவோ நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் மூலமாகவோ அவரை முதலில் விசாரிக்கும்படி விண்ணப்பிக்கலாம்.

நாமினி என்றால் உரிமையாளர் அல்ல

வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடும். நாமினியின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை அவருடையது, பணம் உரியவருடையது. வங்கி வைப்புத் தொகையில் நாமினி உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. உங்கள் விஷயத்தில் உயிலின்படி அந்தத் தொகை உங்களுக்குச் சேர வேண்டியது. அண்ணன் இன்னும் பணத்தை எடுக்கவில்லையென்றால், உயிலின் நகலை இணைத்து வங்கிக் கிளைக்கு உடனே ஒரு கடிதம் கொடுங்கள். வங்கி அதை மட்டும் வைத்துப் பணம் கொடுக்காமல் நிறுத்திவிடும் என்று உறுதி இல்லை. நீதிமன்றத் தடை உத்தரவு கேட்க வேண்டி வரலாம். எப்படியும் தகராறு இருப்பது பதிவாகும்.

வீட்டை நீங்களே வாங்கலாமா?

மாமரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரி மனத்தை என்னவோ செய்தது. ஆனால் இந்த இடத்தில்தான் உங்களுக்குத் தகுதிச் சிக்கல் உண்மையிலேயே இருக்கிறது. நிறைவேற்றுநர், இறந்தவருடைய சொத்தில் எந்தப் பகுதியையும் நேராகவோ மறைமுகமாகவோ வாங்கினால், அதில் அக்கறை உள்ள வேறு யார் கேட்டாலும் அந்த விற்பனை ரத்தாகக்கூடியது என்கிறது 310-ஆம் பிரிவு. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்றால் விலை நியாயமாக இருக்குமா என்ற சந்தேகம்தான் காரணம். நீங்கள் சந்தை விலைக்கு மேலேயே கொடுத்தாலும் இந்தப் பலவீனம் நீங்காது. கணவர் பெயரில் வாங்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். மறைமுகமாக என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் விலை மதிப்பு வாங்கி, சகோதரர்கள் இருவருக்கும் விவரம் முழுவதையும் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சம்மதத்தைப் பதிவு செய்த குடும்ப ஏற்பாட்டுப் பத்திரமாக்கி, விற்பனைப் பத்திரத்திலும் அவர்களைக் கையெழுத்திடச் செய்யலாம். சம்மதம் கிடைக்காவிட்டால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். இந்தப் பேச்சை உயில் பற்றிய தகராறு அடங்கிய பிறகு எடுப்பது நல்லது. இப்போதே எடுத்தால், இதற்காகத்தான் பொறுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அண்ணன் சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள்.

பொறுப்பின் கனம்

தகுதி பற்றிய கேள்விக்குப் பதில் எளிது. பொறுப்பைத் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் என்னென்ன காத்திருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

புரொபேட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனாலும் வாங்கிவிடுங்கள் என்பதே என் யோசனை. அண்ணன் மறுக்கும் உயிலை நம்பி யாரும் வீட்டை வாங்க மாட்டார்கள்; வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் ஏற்காது. மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அண்ணன் எதிர்த்தால் மனு வழக்காக மாறிவிடும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். வழக்கு நடக்கும்போதே சமரச மையத்துக்கு அனுப்பும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தம்பி எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். மூன்றில் ஒரு பங்கு அவருக்கும்தான்.

புரொபேட் கிடைத்த 6 மாதத்துக்குள் சொத்து, கடன் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பிரித்து முடியும் வரை சொத்திலிருந்து வரும் வருமானத்துக்கு வரிக் கணக்கும் உங்கள் தலையில்தான். உங்கள் அலட்சியத்தால் நஷ்டம் வந்தால் சொந்தக் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். வசூலிக்க வேண்டிய தொகையைக் காலவரம்பு கடக்கும்வரை விட்டுவிட்ட நிறைவேற்றுநரைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. எனவே மாடி வாடகையை அண்ணன் வாங்கிக்கொண்டிருப்பதைக் கண்டும் காணாமல் இருக்க உங்களுக்கு உரிமை இல்லை. அது உங்கள் பணம் மட்டும் அல்ல. தம்பியின் பங்கும் கூட்டுறவு வங்கியின் கடனும் அதில் இருக்கின்றன. 7 மாத வாடகைக்குக் கணக்குக் கேட்டு எழுதுங்கள். இனி வாடகையை இதற்கென்று தனியாக வைக்கும் கணக்கில் செலுத்தும்படி குடித்தனக்காரருக்கும் எழுதுங்கள். உங்கள் சம்பளக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கலக்க வேண்டாம்.

அவசரப்படவும் வேண்டாம். இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை பங்குகளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்த முடியாது. கடன்களைத் தீர்த்த பிறகே பங்கு.

கடன்களிலும் முன்பின் உண்டு. நியாயமான ஈமச் செலவும், மரணப் படுக்கையில் ஆன மருத்துவச் செலவும் எல்லாக் கடன்களுக்கும் முன்னால் வரும். நீங்கள் செலவழித்தது அந்த வரிசையில் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். அடுத்தது புரொபேட் செலவு. அதற்கு அடுத்து யார் தெரியுமா? இறப்பதற்கு முந்தைய 3 மாதத்தில் அவருக்கு உழைத்த கூலியாள், கைவினைஞர், வீட்டுப் பணியாள் ஆகியோரின் சம்பள பாக்கி. கூட்டுறவு வங்கியின் கடன் போன்ற பாதுகாப்பற்ற மற்றக் கடன்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். (அந்தக் கடனுக்கு வீடு அடமானமாக இருந்தால் மட்டும் நிலை வேறு, பத்திரத்தைப் பார்த்துவிடுங்கள்.)

அப்பாவைக் குளிப்பாட்டி, இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்ணின் இரண்டு மாதச் சம்பளம் அந்த வரிசையில் இருக்கிறது. புரொபேட் வரும்வரை அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள். கையில் இருந்தால் இப்போதே கொடுத்து, தேதி போட்டு, எந்த இரண்டு மாதங்களுக்கு என்று எழுதி, கையெழுத்திட்ட ரசீது வாங்கி, ஈமச் செலவு ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். நிறைவேற்றுநராக நீங்கள் எழுதப்போகும் கணக்கில் அது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.